மாமா போட்ட யூரியா, ஆற்றில் பூத்த தாமரை!

அனகாபுத்தூர் பாலத்தில் நின்று அடையாற்றை வேடிக்கை பார்ப்பவர்கள் இரண்டே ரகம்தான். ஒன்று, வண்டி பஞ்சரானவர்கள். இரண்டு, வேலைவெட்டி இல்லாதவர்கள். போன மாதம் ஒரு காலையில் நான் ஒரே ஆளாக இரண்டு ரகமாகவும் நின்றுகொண்டிருந்தேன்.

ஸ்கூட்டரைக் கடையில் விட்டாயிற்று. "பத்தே நிமிஷம் சார்" என்றார் பஞ்சர்காரர். எங்கள் பம்மல் பக்கத்தில் 'பத்து நிமிஷம்' என்றால் என்ன அர்த்தம் என்பது பல்லாவரம் ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். சரி, ஆற்றையாவது பார்ப்போம் என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்தேன்.

ஆற்றைக் காணோம்! அதாவது, தண்ணீரைக் காணோம். கரைக்குக் கரை பச்சை ஜமுக்காளம் விரித்த மாதிரி ஆகாயத்தாமரை. நடுநடுவே ஊதாப் பூக்கள். பக்கத்தில் ஆபீஸ் கார்டைக் கழுத்தில் தொங்கவிட்ட ஓர் இளைஞர், செல்போனை நீட்டி வளைத்து வளைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

"சூப்பரா இருக்குல்ல சார்? ஊட்டி மாதிரி!"

"ஆமாம்" என்றேன். காலங்காத்தால ஒருவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்? ஆனால், என் மண்டைக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பச்சையில் ஒரு சின்னப் பங்கு என் தாய்மாமன் போட்ட முதல்!

(விவரம் தெரிந்தவர்கள் 'அது ஆகாயத்தாமரை இல்லை, வெங்காயத்தாமரை' என்று சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி. தண்டு அடியில் வெங்காயம் மாதிரி உப்பியிருக்கும். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டு வந்த செடி. ஆனால், ஊரே ஆகாயத்தாமரை என்கிறபோது நான் மட்டும் வெங்காயம் என்றால் நன்றாகவா இருக்கும்?)

* * *

மாமாவுக்கு மணிமங்கலத்தை அடுத்த ஒரு கிராமம். மூன்றரை ஏக்கர் நஞ்சை. மணிமங்கலம் என்றால் சரித்திரப் பிரியர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நரசிம்மவர்ம பல்லவன், இரண்டாம் புலிகேசியை அடித்து விரட்டிய இடம். இப்போது அங்கே யுத்தம் ரியல் எஸ்டேட் புரோக்கர்களுக்கும் என் மாமாவுக்கும். வாரத்துக்கு ஒருத்தர் வந்து "கிரவுண்டு என்ன விலை போவுது தெரியுமாங்க?" என்று ஆரம்பிப்பார். மாமா ஒரு சொம்பு மோர் கொடுத்து அனுப்பி வைப்பார்.

2023 டிசம்பர் 2, சனிக்கிழமை. வங்கக் கடலில் மிக்ஜாம் புயல் திரண்டுகொண்டிருந்தது. ஆந்திராவில்தான் கரையைக் கடக்கும் என்று டி.வி.யில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மாமா வயலில் சம்பா நட்டு ஒரு மாதம். தூர் கட்டுகிற சமயம். அவர் போட்ட கணக்கு இது:

"பொயல் அங்க போவுது. நமக்குச் சாரல்தான் அடிக்கும். அந்த ஈரத்துல யூரியா போட்டா நல்லாப் புடிக்கும் மாப்ளே!"

மூன்று மூட்டை வீசினார்.

ஞாயிறு ராத்திரி ஆரம்பித்தது மழை. திங்கள் முழுக்க நிற்கவில்லை. புயல் சொன்னபடி ஆந்திராவுக்குத்தான் போயிற்று. போகிற வழியில் நம் தலையில் கொட்டிவிட்டுப் போயிற்று, அவ்வளவுதான். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் படகு விட்டார்கள். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். மாமா வயலில் வரப்பே தெரியவில்லையாம்.

நாலு நாள் கழித்துத்தான் போன் கிடைத்தது.

"தண்ணி எறங்கிடுச்சு மாப்ளே. பயிரு நிக்குது. யூரியாதான் நிக்கல!"

மூட்டை 266 ரூபாய் 50 காசு. மூன்று மூட்டைக்கு 799 ரூபாய் 50 காசு. ஆள் கூலி தனி. 'பூ, இவ்வளவுதானா!' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால், அது விவசாயி கொடுக்கிற விலை. மூட்டையின் அடக்கம் அதைப் போலப் பல மடங்கு. மிச்சத்தை மத்திய அரசு மானியமாகக் கட்டுகிறது. அதாவது, உங்கள் சம்பளத்தில் பிடிக்கிற வருமான வரியும் அன்றைக்கு அந்த வெள்ளத்தில் கொஞ்சம் போயிருக்கிறது!

"எங்க போயிருக்கும் மாமா அவ்ளோ யூரியாவும்?"

"எங்க போவும்? ஒங்க ஊருக்குத்தான் வந்துருக்கும். போய்ப் புடிச்சு வை!" என்று சிரித்தார்.

சிரிப்புக்குச் சொன்னதுதான். ஆனால், மேப்பை எடுத்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடையாறு பிறப்பதே அந்தப் பக்கம்தான். ஆதனூர், மணிமங்கலம், மலைப்பட்டு என்று தாம்பரத்துக்கு மேற்கே இருக்கிற ஏரிகளின் உபரித் தண்ணீர் சேர்ந்துதான் ஆறாகிறது. திருநீர்மலை கிட்டே செம்பரம்பாக்கத்து உபரியும் வந்து கலக்கும். அப்புறம் அனகாபுத்தூர், பம்மல், பொழிச்சலூர், கவுல் பஜார். மீனம்பாக்கம் ரன்வேயை உரசிக்கொண்டு மணப்பாக்கம், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம்... கடைசியில் கடல். மாமா வீட்டு வாய்க்காலில் ஒரு காகிதக் கப்பல் விட்டால், தட்டுத்தடுமாறி என் வீட்டுக்குப் பின்னால்தான் வந்து சேரும்.

(திருநீர்மலை என்ற பெயரே மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதால் வந்தது என்பார்கள். பெருமாளைச் சேவிக்க வந்த திருமங்கையாழ்வார், வெள்ளம் வடிவதற்காக ஆறு மாதம் காத்திருந்தாராம். அந்தக் காலத்திலேயே நம்ம ஏரியா அப்படித்தான்!)

* * *

நான் பி.காம். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன் என்று நான் சொல்லிக்கொள்வதை, என் மாமனார் 'சும்மாதான் இருக்கார்' என்று தமிழ்ப்படுத்துவார். சும்மா இருப்பவனுக்குக் கணக்குப் போட நேரம் இருக்கிறது. போட்டேன்.

யூரியாவில் 46 சதவிகிதம் நைட்ரஜன், அதாவது தழைச்சத்து. 45 கிலோ மூட்டையில் 20 கிலோ 700 கிராம். மூன்று மூட்டைக்கு 62 கிலோ சொச்சம். இது வரவு. செலவுப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளம், புயல் எதுவும் இல்லாத நல்ல நாளிலேயே, போடுகிற தழைச்சத்தில் 30, 40 சதவிகிதம்தான் நெல் சாப்பிடுகிறது! மிச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போகிறது. ஒரு பகுதி சேற்றுக்குள் வேறு வேறு வாயுவாக மாறிப் பறக்கிறது. ஒரு பகுதி பூமிக்குள் இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது. ஒரு பகுதி வடிகாலில். மாதச் சம்பளம் நூறு ரூபாயில் முப்பத்தைந்து மட்டும் வீட்டுக்கு வந்தால், உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? அதைத்தான் பயிர் சத்தமில்லாமல் சகித்துக்கொள்கிறது.

இது ஏன் இப்படி ஓடுகிறது? யூரியா தண்ணீரில் சர்க்கரை மாதிரி கரையும். மண்ணில் சில நாள் கிடந்தால் அம்மோனியமாக மாறும். அது களிமண்ணைப் பிடித்துக்கொள்ளும். காற்றோட்டமுள்ள மண்ணில் பாக்டீரியாக்கள் அதையே நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டுக்கும் களிமண்ணுக்கும் ஒரே மின்னேற்றம். கிட்டே வந்தால் தள்ளும். ஆக, யூரியாவாக இருக்கும்போதும் ஓடும், நைட்ரேட்டாக ஆன பிறகும் ஓடும். நடுவில் கொஞ்ச காலம்தான் குடும்பஸ்தன். மாமா சனிக்கிழமை போட்டு ஞாயிறு கொட்டியதால், அந்தக் கொஞ்ச காலம்கூடக் கிடைக்கவில்லை. மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸ் கொஞ்சம் கௌரவமான பேர்வழி, மண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆனால், மழை அடிக்கிற அடியில் மண்ணே கிளம்பினால் அதுவும் கூடக் கிளம்பிவிடும். வெள்ளம் செம்மண் கலரில் போகிறதே, அது நிறம் மட்டும் இல்லை. உர மூட்டை!

'மழை எந்தக் காலத்தில்தான் பெய்யவில்லை? இதில் என்ன பெரிய பருவநிலை மாற்றம்?' என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

காற்று ஒரு டிகிரி சூடானால், சுமார் 7 சதவிகிதம் அதிக நீராவியைச் சுமக்கும். சுமந்ததை ஒரு நாள் இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கும்போது மொத்தமாக இறக்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பத்து நாள் அடைமழையாகத் தூறித் தூறிப் பெய்ய வேண்டியது, ஒரு ராத்திரியில் விழுகிறது. 2015 டிசம்பர் 1-ம் தேதி மழையை யார் மறப்பார்கள்? தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ.! செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். நாலே வருஷம்... 2019-ல் அதே செம்பரம்பாக்கம் வெடித்துக் கிடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிதண்ணீர் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? ரயிலுக்கு மாலை போட்டு வரவேற்றார்கள். மறுபடி 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ.! அது ஒரு வருஷத்து மழை சார்.

இப்படிக் காய்ந்தால் காய்வதும் பெய்தால் பெய்வதும்தான் உரக் கணக்கை உதைக்கிறது. வறட்சியில் பயிர் தலை தூக்காது. சத்தை எடுக்காது. எடுக்காத நைட்ரேட் மண்ணில் அப்படியே பாக்கி சேர்ந்துகொண்டே இருக்கும். அடுத்து ஒரு பெரிய மழை வந்து, ஈட்டிக்காரன் மாதிரி கதவைத் தட்டி, அத்தனை பாக்கியையும் ஒரே நாளில் வசூல் பண்ணிக்கொண்டு போய்விடும். வசூலான தொகை நேரே ஏரியிலும் ஆற்றிலும் டெபாசிட்!

இதில் இன்னொரு கொடுமை உண்டு. தண்ணீர் தேங்கிய சேற்றிலிருந்து நைட்ரஸ் ஆக்ஸைடு என்று ஒரு வாயு கிளம்புகிறது. எடைக்கு எடை பார்த்தால், பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப் போல சுமார் 270 மடங்கு. ஆக, உரம் வீணாகிறது... வாயு கிளம்புகிறது... பூமி சூடாகிறது... மழை ஒரேயடியாகப் பெய்கிறது... இன்னும் உரம் வீணாகிறது! கூட்டு வட்டி என்பது இதுதான் என்று எங்கள் காலேஜில் யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால், அந்தப் பேப்பரில் நான் அரியர்ஸ் வைத்திருக்க மாட்டேன்.

* * *

ஓடி வந்த சத்து தண்ணீரில் என்ன செய்யும்? பயிருக்குச் செய்ய வேண்டியதைப் பாசிக்குச் செய்யும். குளம் பச்சைப் பெயின்ட் கொட்டின மாதிரி ஆகும். வெயில் ஏற ஏறப் பாசிக்குக் கொண்டாட்டம். பகலில் பாசி ஆக்ஸிஜனை விடும். ராத்திரியில் அதுவே இழுக்கும். செத்த பாசியைத் தின்கிற பாக்டீரியாவும் இழுக்கும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் கரைவதே குறைவு. விடிகிற நேரத்தில் கஜானா காலி. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். காலையில் வாக்கிங் போகிறவர்கள், 'ஆஹா, மீன் துள்ளுது பார்' என்பார்கள். துள்ளவில்லை சார், மூச்சுத் திணறுகிறது.

இது நம்மூர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஈரீ என்று ஒரு ஏரி. ஏரி என்றால் நம் திருப்பனந்தாள் ஏரி மாதிரி இல்லை, கடல் மாதிரி. அதன் கரையில் டொலிடோ என்ற ஊர். 2014 ஆகஸ்ட் ஆரம்பத்தில் ஒரு சனிக்கிழமை காலை, 'யாரும் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்' என்று அறிவித்தார்கள். சுற்றுவட்டாரத்தில் சுமார் ஐந்து லட்சம் பேர். வயல்களிலிருந்து வந்த பாஸ்பரஸைத் தின்று கொழுத்த நீலப்பச்சைப் பாசி, ஏரியில் விஷத்தைக் கக்கியிருந்தது. நம்ம ஊர் என்றால், 'காய்ச்சிக் குடிங்க' என்று சொல்லியிருப்போம். அவர்கள் 'காய்ச்சவும் கூடாது' என்றார்கள். காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும். விஷம் அப்படியே நிற்கும், இன்னும் திக்காக! மூன்று நாள் பாட்டில் தண்ணீருக்கு கியூ. அமெரிக்காக்காரனும் குடத்தோடு நின்றான் என்று கேட்க நமக்கு ஓர் அற்ப சந்தோஷம் வருவதை மறைக்க முடியவில்லை.

2017-ல் 'சயின்ஸ்' பத்திரிகையில் ஈவா சின்ஹா, அன்னா மிச்சலாக், வி. பாலாஜி என்ற மூன்று விஞ்ஞானிகள் ஒரு கணக்குப் போட்டார்கள். விவசாயிகள் இன்றைக்குப் போடுகிற உரத்தில் ஒரு கிலோகூடக் கூட்ட வேண்டாம். புவி வெப்பம் இப்போதைய வேகத்தில் ஏறினால், மழை மாறுகிற மாற்றத்தினாலேயே இந்த நூற்றாண்டு முடிவில் அமெரிக்க ஆறுகளில் கலக்கும் நைட்ரஜன் சுமார் 19 சதவிகிதம் அதிகமாகும் என்றார்கள். அமெரிக்காவோடு நிறுத்தவில்லை, உலகத்தில் எங்கெல்லாம் இந்த ஆபத்து அதிகம் என்ற பட்டியலில் இந்தியாவையும் சேர்த்தார்கள். நாம் எந்தப் பட்டியலைத்தான் விட்டோம்?

2019 ஆகஸ்டில் ஒரு ராத்திரி, திருவான்மியூர் பக்கத்துக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஜொலித்தனவே, போயிருந்தீர்களா? நான் போனேன். அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில், மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. பூங்கோரை என்று அங்கே சொல்கிறார்கள். நாக்டிலூகா என்ற ஓர் உயிரின் வேலை. கடலில் சத்து கூடினால் நுண்பாசி பெருகும், அதைத் தின்று இது பெருகும். உரம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. கடல் சூடு, நீரோட்டம், ஊர்ச் சாக்கடை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. அன்றைக்குக் கடற்கரையில் நான் 'வாவ்' என்று கத்தியதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. பாலத்து இளைஞரை நான் ஏன் திருத்தவில்லை என்று இப்போது புரிகிறதா?

* * *

நிஜமாகவே என்னை உலுக்கியது இதெல்லாம் இல்லை. மாமாவின் கிணறு.

மாமா மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. தாய்ப்பால் போதாமல், மூன்றாம் மாதத்திலிருந்து பவுடர் பால். கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி, ஆற வைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கலக்குவார் மாமி. அதைவிடச் சுத்தமாக யாரும் செய்ய முடியாது.

நான் அப்போதுதான் டொலிடோ கதையைப் படித்திருந்தேன். ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து, தாம்பரம் பக்கம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். குடிதண்ணீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரைதான் இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். மாமாவின் கிணறு எல்லையைத் தாண்டியிருந்தது. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் ஆகாது. பச்சைக் குழந்தைக்கு ஆகும். ரத்தம் ஆக்ஸிஜனைத் தூக்கும் சக்தியை நைட்ரேட் குறைத்துவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். பாசி விஷம் மாதிரியேதான் இதுவும், காய்ச்சினால் போகாது, கூடும்.

ரிப்போர்ட்டை மாமா கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். எழுத்து தெரியாமல் இல்லை.

"அப்ப நான் வயலுக்குப் போட்டத எம் பேத்தி குடிக்கிறாளா?"

"அப்படியும் அடிச்சுச் சொல்ல முடியாது மாமா. மாட்டுக் கொட்டாய், எருக்குழி, கக்கூஸ் தொட்டி எல்லாமே கிணத்துக்குப் பக்கத்துலதான் இருக்கு..."

அவர் கேட்கவில்லை. டி.வி.எஸ்.50-ஐ எடுத்துக்கொண்டு போய், கேன் தண்ணீர் வாங்கி வந்தார். குழந்தைக்கு மட்டும். ஆண்டவன் புண்ணியத்தில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை; கொழுகொழுவென்று இருக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம் நான் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாக, "உரத்தைக் குறைச்சுக்கக் கூடாதா மாமா? நீங்க போடறதெல்லாம் ஆத்துலதான் வருது" என்றேன்.

மாமாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஏண்டா, ஒங்க வீட்டு கக்கூஸ் தொட்டி ரொம்புனா என்னா பண்றீங்க?"

"லாரி வரும் மாமா..."

"வந்து உறிஞ்சிக்கினு போயி எங்க ஊத்துது? என்னிக்காச்சும் பின்னாலயே போய்ப் பாத்தியா? நான் போட்டாலாச்சும் நாலு மூட்டை நெல்லு வருது. நீ போட்டா என்னாடா வருது?"

வாயடைத்துப் போனேன். ஏனென்றால், அவர் சொன்னதுதான் நிஜம். அடையாறு மணிமங்கலத்திலிருந்து கிளம்பும்போது அதில் வயல் சத்து இருக்கலாம். அனகாபுத்தூருக்கு வரும்போது அதில் பெரும்பங்கு நம்முடையது. நைட்ரஜனுக்கு எது வயல், எது வாஷ்பேசின் என்று தெரியாது. சாக்கடையில் போகும் சிறுநீரில் இருப்பதும் யூரியாதான். சோப்புத் தூளிலும் பாஸ்பேட் இருப்பதுண்டு. ஒரு காலத்தில் வயல்களுக்குப் பாசனம் செய்த பம்மல் ஏரிகளுக்குக் கீழே இன்று வயல் இல்லை. எங்களைப் போன்ற வீடுகள். ஏரிக்கு வந்த சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ள அங்கே இப்போது பயிர் கிடையாது. ஆகவே, அந்த வேலையை ஆகாயத்தாமரை எடுத்துக்கொண்டிருக்கிறது. அதைத் திட்டிப் பிரயோஜனமில்லை; அது நம் கணக்கை நமக்குப் பச்சை மையில் எழுதிக் காட்டுகிறது. புல்டோசர் வைத்து வாரிக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால், அழுகி, அடுத்த மழையில் அத்தனை சத்தும் திரும்ப உள்ளே போய்விடும். வாரினால் வண்டியேற்றி எருவாக்க வேண்டும். இல்லையென்றால் வாரிய கூலியும் தண்டம்.

* * *

மாமாவைச் சமாதானப்படுத்த, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போனேன். பறவை பார்க்க என்று சொல்லித்தான். அங்கே போய்த்தான் தெரிந்தது, எனக்கு முன்னாலேயே அவருக்கு எல்லாம் தெரியும் என்பது.

"இந்த ஏரித் தண்ணி பாயுற வயலுக்கு ஒரம் கம்மியாத்தான் போடுவாங்க. பறவ எச்சம் அம்புட்டும் தண்ணியிலதான?"

அதே நைட்ரஜன்! அதே பாஸ்பரஸ்! மரத்திலிருந்து ஏரியில் விழுந்து, மதகு வழியாக வயலுக்குப் போய், நெல்லாகிறது. வெள்ளைக்கார சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது, இந்த ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் நின்றிருக்கிறார்கள். 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ், பறவைகளைக் காப்பாற்றும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். பறவைப் பாசம் மட்டும் இல்லை, உரக் கணக்கும்தான்! 2022-ல் இது ராம்சர் பட்டியலில் சேர்ந்து உலக கௌரவம் பெற்றது. அந்தக் கிராமத்தாருக்குச் சேர வேண்டிய கௌரவம் இருநூறு வருஷம் லேட்.

வரும் வழியெல்லாம் மாமா பேசிக்கொண்டே வந்தார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது, கோடையில் ஏரி வற்றியதும் ஊரே வண்டி கட்டிக்கொண்டு இறங்கி வண்டல் அள்ளுமாம். வயலிலிருந்து மழை வாரிக்கொண்டு போனதை, சித்திரை வெயிலில் மனிதர்கள் திரும்ப வாரிக்கொண்டு வந்து வயலிலேயே போட்டிருக்கிறார்கள். ஏரியும் ஆழமாகும், வயலும் கொழுக்கும். டெபிட், கிரெடிட் இரண்டும் டாலி ஆன பேலன்ஸ் ஷீட் அது! யூரியா மூட்டை மலிவாக வந்ததும் வண்டி நின்றது. இப்போது வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதி தருகிறது. ஆனால், அள்ளுவதற்கு ஆள் வேண்டும், டிராக்டர் வாடகை வேண்டும்.

'அப்படியானால் உரத்தையே தடை செய்துவிட வேண்டியதுதானே?' என்று என் நண்பர் ஒருவர் டீக்கடையில் முழங்கினார். செய்து பார்த்திருக்கிறார்கள் சார். இலங்கையில் 2021-ல் ஒரே நாளில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். நெல் விளைச்சல் சரிந்தது. தேயிலை அடி வாங்கியது. அந்த வருஷம் நவம்பரிலேயே தடையை வாபஸ் வாங்கினார்கள். ராத்திரியோடு ராத்திரியாக சிகரெட்டை விடுகிற நம் ஆபீஸ் நண்பர்கள், எட்டாம் நாள் மாடிப்படிக்குக் கீழே நிற்பதில்லையா? அந்த மாதிரி.

மாமா தடையெல்லாம் போடவில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற ஒரு பழைய முறை இருக்கிறது. ஐந்து பங்கு யூரியா, நாலு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்கு. ராத்திரி கலந்து வைத்து மறுநாள் வீச வேண்டும். யூரியா நைட்ரேட்டாக மாறி ஓடுகிற வேகத்தை வேம்பு கட்டிப் போடும். (2015-லிருந்தே உள்நாட்டு யூரியா முழுவதும் வேம்பு பூசித்தான் வருகிறது. "அந்தப் பூச்செல்லாம் என் கண்ணுக்குத் தெரியல" என்பது மாமாவின் தீர்ப்பு.) இன்னொன்று, இலை வண்ண அட்டை. பச்சையில் பல ஷேடு போட்ட ஒரு பிளாஸ்டிக் பட்டை. பெயின்ட் கடையில் கொடுப்பார்களே, அது மாதிரி. இலையை அதன் மேல் வைத்துப் பார்த்து, வெளுத்திருந்தால் மட்டும் யூரியா. ஒரு சாகுபடிக்கு முன்னால் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார். மூன்று மூட்டை போட்ட இடத்தில் இரண்டு போட்டார். விளைச்சல் குறையவில்லை. கூடவும் இல்லை. அட்டையை ஒரு வாரம் ஆர்வமாக வைத்துப் பார்த்தவர், அப்புறம் "எங் கண்ணுக்குத் தெரியாத பச்சையா?" என்று பரண் மேல் போட்டுவிட்டார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம், எப்போது போடுவது என்பதில்தான். இனிமேல் வானிலையைக் கேட்காமல் மூட்டையைப் பிரிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார். கேட்பது யாரை? நுங்கம்பாக்கத்தை இல்லை, என்னை!

போன கார்த்திகையில் போன் வந்தது.

"மாப்ளே, செல்லுல பாரு. போடலாமா, வேணாமா?"

பார்த்தேன். அடுத்த இரண்டு நாளுக்குக் கனமழை என்று இருந்தது. பொறுப்பான மருமகனாக, "ரெண்டு நாள் பொறுங்க மாமா" என்றேன்.

இரண்டு நாளும் சுள்ளென்று வெயில். மூன்றாம் நாள் மாமா பொறுமையிழந்து போட்டார். அன்று ராத்திரி பம்மலில் இடி இடித்தது. நான் பால்கனியில் போய் மேற்கே பார்த்தபடி நின்றேன். நல்லவேளை, தூறலோடு போயிற்று.

அதற்கப்புறம் மாமா என்னிடம் வானிலை கேட்பதில்லை. புஞ்சையில் எறும்பு மேடேறுகிறதா என்று பார்த்துக்கொள்கிறாராம். நான் மட்டும் அவரிடம் ஒரு விஷயம் இன்னும் சொல்லவில்லை. கழிவுநீர் லாரி எங்கள் தெருவுக்குப் போன வாரம் வந்தது. ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். இரண்டாவது சிக்னலில் விட்டுவிட்டேன்.